கடற்காற்றில் கனிந்த திராட்சை



முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் வரலாறும் பூகோளமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக் காலத்தில் ஆசிரியனுக்கு ஒரு தண்டனை உண்டு. மாணவருக்குச் சொன்ன விடைகள் பெரும்பாலும் மறந்துபோகும். சொல்லாமல் விட்டவை மட்டும் மனத்தில் நின்று உறுத்தும். அத்தகைய விடை ஒன்றைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் தட்பவெப்ப மண்டலங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மத்தியதரைக்கடல் வகைத் தட்பவெப்பத்தில் கோடை வறண்டிருக்கும். குளிர்காலத்தில் மழை பெய்யும். திராட்சை நன்கு விளையும் என்று கூறி, அத்தகைய நாடுகளைச் சுவர்ப்படத்தில் சுட்டிக் காட்டினேன். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில் என் பிரம்பு நின்றபோது, ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, நூலகத்திலிருந்து ஓர் ஆங்கில நாவல் எடுத்துப் படித்தேன். அதில் கான்ஸ்டான்ஷியா என்று ஒரு திராட்சை மது வருகிறது. அது இந்த முனையில் உள்ள தோட்டத்தில் விளைந்தது என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே தட்பவெப்பம் என்றால், அந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஏன் ஐயா அவ்வளவு பெயர்?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. “அது தேர்வுக்கு வராது அம்மா, உட்கார்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் பேசாமல் உட்கார்ந்தாள். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் வேறு கேள்வி கேட்டதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மது வகைகளில் எதையும் நான் நாவில் வைத்தறியேன். நூல்களின் வாயிலாக அறிந்ததுதான். உங்களுக்கும் அதுவே போதும். நாம் இங்கே ஆராய்வது ஒரு நிலத்தையும், அதன் காற்றையும், அங்கே உழைத்த மக்களையும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த பன்னீர் திராட்சையிலிருந்து தொடங்குகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தக் கறுப்புத் திராட்சையை வாயிலிட்டால் ஒரு நறுமணம் எழுகின்றதன்றோ? அது மஸ்கட் என்னும் திராட்சைக் குலத்துக்கு உரிய மணம். அக்குலத்தின் மூதாதை, சிறுமணி வெள்ளை மஸ்கட் எனப்படும் மிகப் பழமையான இனம். நம் பன்னீர் திராட்சைக்கு அது பாட்டன் முறை என்று மரபணு ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கான்ஸ்டான்ஷியாவின் புகழுக்கு முதற்காரணமான திராட்சையும் அந்தப் பாட்டனே.

ஒரே குடும்பத்துத் திராட்சைதான். ஆயினும் வாழும் இடத்துக்கேற்ப வாழ்க்கை மாறிவிடுகிறது. கம்பத்தில் கடுங்குளிர் இல்லை. கொடிக்கு உறக்கமும் இல்லை. உழவர் கவாத்து செய்யும் காலத்தைக் கணக்கிட்டு, ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட விளைச்சல் எடுக்கிறார்கள். கான்ஸ்டான்ஷியாவிலோ கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். செப்டம்பரில் விழித்துத் தளிர்க்கும். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரையில் பழம் தரும். ஆண்டுக்கு ஒரே விளைச்சல். அந்த ஒன்றைக் கனிவிக்கக் கொடி தன் காலம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

இனி அந்த இடத்தைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்குப் பின்னே மேசைமலை நிற்கிறது. அம்மலையின் தொடர் தெற்கு நோக்கி ஒரு தீபகற்பமாக நீண்டு கடலுக்குள் இறங்குகிறது. தொடரின் நடுவே 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த கான்ஸ்டான்ஷியாபர்க் என்னும் மலை உள்ளது. அதன் கிழக்கு, தென்கிழக்குச் சரிவுகளில்தான் இத்தோட்டங்கள் அமைந்துள்ளன. மேற்கே மலைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடல். அதில் பென்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. தென்கிழக்கே சில கல் தொலைவில் ஃபால்ஸ் விரிகுடா. ஃபால்ஸ் என்றால் பொய். கீழ்த்திசையிலிருந்து திரும்பிய மாலுமிகள் ஒரு முனையை மற்றொரு முனையென்று மயங்கி இவ்விரிகுடாவுக்குள் திரும்பியதால் வந்த பெயர் அது.

மாலுமிகளை ஏமாற்றிய அந்த விரிகுடா கொடியை ஏமாற்றவில்லை. கோடைக்காலத்தில் தென்கிழக்குக் காற்று அதன் நீர்ப்பரப்பைக் கடந்து நேரே இச்சரிவின்மேல் வந்து மோதுகிறது. தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆதலால் நிலம் கொதிக்கும் நேரத்திலும் கடல்மேல் வரும் காற்று குளிர்ந்தே இருக்கும். நம் முன்னோர் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயரிட்டனர். கேப் மக்கள் தம் தென்கிழக்குக் காற்றுக்கு இட்ட பெயர் ‘டாக்டர்’ என்பது. ஊரிலுள்ள கெட்ட காற்றையும் நோயையும் அது அடித்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. திராட்சையைப் பொறுத்தவரை அப்பெயர் மிகையன்று. இலைமேல் நிற்கும் ஈரத்தை அக்காற்று உலர்த்திவிடுவதால், ஈரத்தில் பெருகும் பூஞ்சண நோய்கள் குறைகின்றன.

மருத்துவர் சில சமயம் கடுமையாகவும் நடந்துகொள்வார். பூக்கும் பருவத்தில் இக்காற்று வேகமாக வீசினால் தளிர்கள் ஒடியும், பூக்கள் உதிரும், குலையில் மணிகள் குறையும். உழவனுக்கு எடையில் நட்டம்தான். ஆனால் எஞ்சி நிற்கும் மணிகளில் சாறு செறிந்திருக்கும்.

மலையும் தன் பங்குக்கு உதவுகிறது. கிழக்கு நோக்கிய சரிவாதலால் காலை வெயில் முழுவதும் கிடைக்கும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே மறைய, நிழல் சீக்கிரமே தோட்டத்தில் விழுந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை, பெரும்பாலும் குளிர்காலத்தில், பெய்கிறது. கருங்கல் சிதைந்து உண்டான ஆழமான செம்மண் அந்த நீரைத் தேக்கிவைத்து, வறண்ட கோடையில் வேருக்குச் சிறிது சிறிதாக வழங்குகிறது. பிப்ரவரி மாதத்திலும் இங்கே சராசரி வெப்பம் ஏறத்தாழ 21 பாகைதான். மலைகளுக்கு அப்பால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலோ, அதே மாதத்தில் வெயில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. இரண்டிடமும் என் சுவர்ப்படத்தில் ஒரே நிறத்தில் இருந்தன! படத்தின் நிறம் ஒன்றாக இருந்தால் நிலத்தின் இயல்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியது என் பிழை.

இந்தக் குளிர்ச்சி பழத்துக்குள் என்ன செய்கிறது? திராட்சை கனியும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. இலைகள் வெயிலின் துணையால் ஆக்கிய சர்க்கரை பழத்தில் சேர்கிறது. காயில் நிறைந்திருந்த புளிப்பு குறைகிறது. புளிப்பைத் தருவன முக்கியமாக இரண்டு அமிலங்கள். அவற்றுள் மாலிக் அமிலம் வெப்பத்தில் விரைந்து கரைந்துபோகும். பழம் மூச்சுவிடும்போது அதனையே எரித்துவிடுகிறது. வெப்ப நாட்டில் சர்க்கரை விரைவில் ஏறும். புளிப்பு விரைவில் போய்விடும். மணம் முழுமை அடையும் முன்னே பழம் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். அத்தகைய பழத்தின் மது கனமாக இருக்கும்; ஆனால் தட்டையாக இருக்கும் என்பர். குளிர்ந்த இடத்தில் சர்க்கரை மெல்ல ஏறும். புளிப்பு தங்கி நிற்கும். மணப்பொருள்கள் நிதானமாக உருவாகும். அவசரமாக வெந்த சோற்றுக்கும் பக்குவமாக வெந்த சோற்றுக்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுத் தாய்மார் அறிவர். இதுவும் அதுபோன்றதே.

குளிர்ச்சியும் புளிப்பும் நிறைந்த இவ்விடம் உலகப் புகழ் பெற்றது இனிப்பு மதுவினால் என்பது வியப்பாகத் தோன்றலாம். இனிப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பதில்தான் இதன் விளக்கம் இருக்கிறது. சர்க்கரை மட்டும் மிகுந்தால் பாகு திகட்டும். எலுமிச்சை சேர்ந்த பானகம் திகட்டாது. கான்ஸ்டான்ஷியாவில் பழம் முற்றியபின்னும் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைத்தனர். இலையுதிர் காலத்து உலர்ந்த காற்றில் மணிகள் கொடியிலேயே சுருங்கி, பாதி உலர்ந்த திராட்சையாயின. நீர் குறையக் குறையச் சர்க்கரையும் புளிப்பும் மணமும் ஒருங்கே செறிந்தன.

அப்பழத்தை நசுக்கிச் சாறெடுத்தால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்ககாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் நூற்றுக்கு ஒரு பங்கு ஆல்ககால் உண்டாகும். ஆல்ககால் பதினான்கு பதினைந்து பங்கை எட்டும்போது ஈஸ்ட் ஓய்ந்துபோகிறது. தான் ஆக்கியதே அதற்குப் பகையாகிவிடுகிறது. எஞ்சிய சர்க்கரை மதுவிலேயே தங்கிவிடும். இவ்வாறு இனிப்பும் புளிப்பும் செறிந்த மது எளிதில் கெடாது. மரப்பீப்பாயில் அடைத்துப் பாய்மரக் கப்பலில் ஏற்றினால், நிலநடுக்கோட்டின் வெப்பத்தைக் கடந்து ஐரோப்பாவுக்குச் செம்மையாகச் சென்று சேரும். சாதாரண மது வழியிலேயே புளித்துக் காடியாகிவிடக்கூடிய காலம் அது. உலகத்தின் மறுகோடியில் இருந்த ஒரு தோட்டம் ஐரோப்பாவில் பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1652-ஆம் ஆண்டு ஏப்ரலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியரான யான் வான் ரீபெக் மேசைமலையின் அடிவாரத்தில் வந்திறங்கினார். கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்கும் நிலையம் ஒன்றை அமைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. கொய்கொய் என்னும் மக்கள் வழிவழியாகக் கால்நடை மேய்த்த நிலம் அது. 1655-இல் அங்கே முதல் திராட்சைக் கொடிகள் நடப்பட்டன. 1659 பிப்ரவரி 2-ஆம் நாள், கேப் திராட்சையிலிருந்து முதன்முறையாக மது எடுக்கப்பட்டது என்று இறைவனுக்கு நன்றி கூறித் தம் நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தார். ஒரு நாட்டின் மதுத்தொழில் இந்த நாளில் பிறந்தது என்று திட்டமாகச் சொல்லக்கூடிய சான்று உலகில் அரிது.

1679-இல் சைமன் வான் டெர் ஸ்டெல் தளபதியாக வந்தார். 1639-இல் மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி இந்தியக் கடற்கரையைச் சேர்ந்த, அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பெண் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1685-இல் கம்பெனியின் ஆணையராக ஒருவர் கேப்புக்கு வந்து, அவருக்கு 891 மார்கன் நிலத்தை வழங்கினார். அதாவது ஏறத்தாழ 760 ஹெக்டேர். அந்த ஆணையர் நமக்கு அயலாரல்லர். கொச்சியில் தளபதியாயிருந்து, மலையாளக் கரையின் மூலிகைகளை விளக்கும் ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலை உருவாக்கிய ஹென்றிக் வான் ரீட் அவரே. கான்ஸ்டான்ஷியா அவ்வாறு பிறந்தது.

வான் டெர் ஸ்டெல் பல இடத்து மண்ணை எடுத்து ஆராய்ந்தபின்பே இச்சரிவைத் தேர்ந்தார் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. காற்றின் வேகத்தைத் தடுக்க ஓக் மரங்களை நட்டார். பீப்பாய்க்கும் அம்மரம் உதவும் என்று எதிர்பார்த்தனர். ஐரோப்பாவில் மெல்ல வளரும் அம்மரம் கேப்பில் விரைந்து வளர்ந்தது. அதனால் கட்டை நெகிழ்ந்து நுண்துளைகள் மிகுந்து, பீப்பாய்க்கு உதவாமற் போயிற்று. நிலம் திராட்சையை மட்டுமன்றி மரத்தையும் தன் விருப்பப்படியே ஆக்கிவிட்டது. 1712-இல் அவர் இறந்தபின் பண்ணை பிரித்து விற்கப்பட்டது.

1778-இல் ஹென்றிக் க்ளூட்டே என்பவர் அதன் பெரும்பகுதியாகிய க்ரூட் கான்ஸ்டான்ஷியாவை வாங்கினார். அதன் பொற்காலம் அப்போது தொடங்கியது. கொடிகளைப் புதிதாக நட்டு, பழத்தைத் தேர்ந்து பறித்து, பீப்பாய்களைத் தூய்மையாகக் காத்து, 1791-இல் அழகிய மதுக்கிடங்கு ஒன்றையும் கட்டினார். அங்கு விளைந்த மது ஐரோப்பிய அரசர்களின் விருந்து மேசைக்குச் சென்றது. செயிண்ட் ஹெலினாத் தீவில் 1815 முதல் 1821-இல் இறக்கும்வரை சிறையிருந்த நெப்போலியனுக்கும் அனுப்பப்பட்டது. 1811-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில், காதலில் ஏமாந்து வாடும் தங்கைக்கு மருந்தென்று ஒரு மூதாட்டி இதனைக் கொண்டுவருகிறாள். தமக்கை அதனைத் தானே அருந்திவிடுகிறாள். என் மாணவி படித்த கதை இதுவே.

ஆனால் புகழ் நிலைக்கவில்லை. கேப் ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தபின், 1813-இல் கேப் மதுவுக்கு இங்கிலாந்தில் இறக்குமதி வரி குறைக்கப்பட்டது. பலரும் அவசரமாகத் திராட்சை பயிரிட்டு, தரமற்ற மதுவையும் கப்பலேற்றினர்; கேப் மது என்றாலே பெயர் கெட்டது. 1825 முதல் அச்சலுகை குறையத் தொடங்கி, 1861-இல் அறவே நின்றது. சாம்பல் நோய் வந்தது. 1885-இல் க்ளூட்டேயின் வழியினர் பண்ணையை அரசுக்கு விற்றனர். மறுஆண்டு, அமெரிக்காவிலிருந்து பரவி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி கேப்பிலும் காணப்பட்டது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டினாலன்றிக் கொடி பிழைக்காத நிலை. பழைய இனிப்பு மது மறைந்துபோயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1980-இல் கைமாறிய க்ளைன் கான்ஸ்டான்ஷியா என்னும் அண்டைப் பண்ணையில், பழைய குறிப்புகளைக் கொண்டு மஸ்கட் கொடியை மீண்டும் நட்டனர். 1986-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து அம்மது மறுபடியும் பிறந்தது. சில ஆண்டுகளில் உலகின் சிறந்த இனிப்பு மதுக்களுள் ஒன்றென மீண்டும் பெயர் பெற்றது.

மாணவர்களே, இந்த நூறாண்டு இடைவெளியைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நூறாண்டுக்குப் பின்னும் அதே திராட்சை அதே சரிவில் அதே புகழைப் பெற்றதென்றால், இடத்துக்கு ஓர் ஆற்றல் உண்டு என்பது உறுதி. ஆனால் அந்த நூறாண்டும் மலை அங்கேயே இருந்தது. காற்று வீசிக்கொண்டே இருந்தது. செம்மண் நீரைத் தேக்கிக்கொண்டே இருந்தது. ஆயினும் அந்த மது இல்லை! ஏன்? கைகள் இல்லை. கவாத்து செய்யவும், இலை களையவும், சுருங்கிய மணிகளை மட்டும் பல தடவை நடந்து நடந்து தேர்ந்து பறிக்கவும் எண்ணற்ற கைகள் வேண்டும். நம் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். அத்துடன் நிறுத்தினாரல்லர், மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்று கூறி முடித்தனர். கான்ஸ்டான்ஷியாவின் முதற்பொருளைச் சொல்லிவிட்டேன். உரிப்பொருளைச் சொல்ல வேண்டும்.

வான் டெர் ஸ்டெல்லும் க்ளூட்டேயும் தம் கையால் குலை பறித்தவர்களல்லர். அந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைகள். 1658 முதல் கேப்புக்கு அடிமைகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். 1808-இல் அவ்வாணிகம் தடுக்கப்படும்வரை வந்தவர் ஏறத்தாழ 63,000 பேர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்கள் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா ஆகிய நான்கு திசையினர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள்.

கம்பெனியின் ஏடுகளில் அவர்கள் பெயர்கள் ஒரே பாங்கில் இருக்கும். ஆண்டான் இட்ட பெயர் முன்னே. பிடிபட்ட அல்லது விற்கப்பட்ட கரையின் பெயர் பின்னே. வங்காளத்தவர், மலபாரத்தவர், இலங்கையர், கோரமண்டலத்தவர் என்று வரும். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரை. டச்சுக்காரர் 1610 முதல் பழவேற்காட்டிலும், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்திலும் பண்டசாலை நடத்தியவர்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் அக்கரையில் துணிமூட்டைகளோடு மனிதரும் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். சிலருக்கு மாதங்களின் பெயரையே சூட்டினர். பிப்ரவரி என்று ஒருவர். செப்டம்பர் என்று ஒருவர். கொடி தளிர்க்கும் மாதமும் குலை பறிக்கும் மாதமும் மனிதரின் பெயராயின. இன்றும் அந்நாட்டில் அவை குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன.

1834 டிசம்பர் முதல் நாள் ஆங்கிலேயர் சட்டம் அவர்களை விடுவித்தது. ஆயினும் தொழில் பழகுநர் என்ற பெயரில் இன்னும் நான்காண்டுகள் பழைய ஆண்டானிடமே உழைக்க வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் கேப் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் வழக்கம் நீடித்தது. அதனை ‘டாப்’ முறை என்பர். நாளுக்குப் பல தடவை தொழிலாளியின் குவளையில் மலிந்த மது ஊற்றப்பட்டது. அரசர்களுக்கு நறுமண மதுவைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது அடிமட்ட மதுவும் அதன் நோயும்தான். சட்டம் தடுத்த பின்னும் அவ்வழக்கம் நெடுநாள் மறைவில் நடந்தது. கருவிலேயே மதுவால் ஊறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்திருக்கும் இடங்களுள் அந்த மேற்குக் கேப் பகுதியும் ஒன்று என மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

கதை அங்கும் முடியவில்லை. அடிமைகளின் வழிவந்த குடும்பங்கள் பல கான்ஸ்டான்ஷியாவிலேயே சிறு நிலம் வைத்துக் காய்கறியும் பூவும் பயிரிட்டு வாழ்ந்தன. 1950-இல் நிறவெறி அரசு இயற்றிய குழுப்பகுதிச் சட்டத்தின்படி அப்பகுதி வெள்ளையருக்கு உரியதென அறிவிக்கப்பட்டு, 1960-களில் அக்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1994-இல் மக்களாட்சி மலர்ந்து, இழந்த நிலத்துக்கு உரிமை கோரும் சட்டம் வந்தபின்பே சிலர் வழக்காடிப் பரிகாரம் பெற்றனர். இன்று க்ரூட் கான்ஸ்டான்ஷியாவின் பழைய மாளிகை அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே ஆண்டான்களின் மேசை நாற்காலிகளோடு அடிமைகளின் வரலாறும் இப்போது சொல்லப்படுகிறது.

அன்று கேட்ட மாணவிக்கு இன்று நான் சொல்லும் விடை இது. “அம்மா, சுவர்ப்படத்தில் ஒரே நிறம் தீட்டிய நிலத்துக்குள்ளே ஒரு மலையின் நிழலும், ஒரு விரிகுடாவின் காற்றும் தனியாக ஒரு சிறு நாட்டை உண்டாக்கியிருந்தன. அந்தக் காற்று பழத்தை அவசரப்படாமல் கனியச் செய்தது. புளிப்பைக் காத்து, இனிப்பைச் செறியவைத்தது. அதனால் அது கடல் கடந்தும் கெடாமல் சென்றது. ஆனால் காற்று குலையைப் பறிக்காது. பறித்தவர்களின் பெயர் புட்டியின்மேல் எழுதப்படவில்லை. அவர்களுள் நம் கரையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நீ படித்த கதையில் அந்த மது வந்தது, அவர்கள் வரவில்லை. இவை தேர்வுக்கு வாரா. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி.”

அந்தப் பெண் இப்போது எங்கிருக்கிறாளோ, அறியேன். நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஏதேனும் ஒரு பொருள் இந்த ஊரின் சிறப்பு என்று படித்தால், இரண்டு கேள்விகளை ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த ஊரின் காற்றும் மண்ணும் அதற்கு என்ன செய்தன? அங்கே யாருடைய கைகள் உழைத்தன? ஆசிரியர் என்னைப்போல் “உட்கார்” என்று சொன்னாலும் வருந்தாதீர்கள். நூலகம் திறந்திருக்கிறது, நீங்களே தேடுங்கள். விடை கிடைத்ததும் அந்த ஆசிரியரிடமும் சென்று சொல்லுங்கள். அவர் உள்ளூர மகிழ்வார். இதை நான் அனுபவத்தால் அறிவேன்.